பந்தியில் ஒரு பச்சைக் கோழிக்கறி

கோழிக்கறி சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சாமி சொன்னது? இந்தக் கேள்வியை நான் என் அண்ணனிடம் போனில் கேட்டேன். "ஒனக்கு என்னா கிறுக்கா லா? முனியாண்டி பூசைக்குப் பச்சைக் கறியா?" என்று கத்தினார். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் முடிக்கும்வரை வெங்காயம் உரித்தேன். அவர் கத்தினால் நான் அசரமாட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

நாங்கள் பெடாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். அங்கே இப்போது யாரும் குடியில்லை. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர் இருந்த லயத்து வீடுகளில் பாதி இடிந்து கிடக்கின்றன. ஜனங்கள் சிரம்பானுக்கும் செண்டாயானுக்கும் போய்விட்டார்கள். முனியாண்டி மட்டும் அதே ஆலமரத்தடியில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை எல்லாரும் வேனும் காருமாகப் போய் இறங்கி, சாமிக்குக் கோழி அறுத்து, அங்கேயே ஆக்கி, படைத்து, பந்தி போட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

அந்தப் பூசையில் சமையல் ஆண்களுடையது. பெண்கள் வெங்காயம் உரிக்கலாம், இஞ்சி தட்டலாம், பச்சடி கிண்டலாம். ஆனால் பெரிய சட்டியின் கரண்டி ஆண்கள் கையில்தான். கரண்டி பிடிக்கிறவருக்குச் 'சட்டிக்காரர்' என்று பெயர். பந்தி முடிந்ததும் அவர் அடிச்சட்டியில் சுடுசோற்றைக் கொட்டி, ஒட்டியிருக்கும் மசாலா எல்லாம் ஏறும்படி புரட்டி, உருண்டை பிடித்துத் தருவார். அதுதான் சட்டிச்சோறு. அடுப்படியில் வெந்த ஆண்களுக்கு மட்டும் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது சட்டியைக் கழுவுகிற வேலை.

எங்கள் தோட்டத்துச் சட்டிக்காரர் என் வீட்டுக்காரர். ஃபேக்டரி பஸ் ஓட்டுகிற மனுஷன். பேச்சு குறைவு. ஆனால் பூசையன்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தச் சட்டி முன்னால் நின்றால் தனிக் களை வந்துவிடும். அவர் வைக்கிற கறி நெருப்பாக இருக்கும். ஆளாளுக்கு மூக்கைச் சிந்திக்கொண்டே மறுபடி இலையை நீட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவருக்கு வருடத்தின் பெரிய சந்தோஷம்.

அவருக்குத்தான் போன வருடம் வயிற்றுப் புண் வெடித்தது. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பாத்ரூமில் ரத்தமாக வாந்தி எடுத்தார். நல்லவேளை, பிழைத்து வந்துவிட்டார். காரம் கூடாது, புளிப்பு கூடாது, எண்ணெயில் மிதக்கிற எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து வீட்டில் கஞ்சியும் அவித்த காயும்தான். உடம்பு தேறியது. ஆள் தேறவில்லை. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால், "நீ போயிட்டு வா" என்பார். தலைவாழை இலை போட்டு எல்லாரும் சாப்பிடும்போது தான் மட்டும் மோர்ச்சோறு பிசைந்துகொண்டு உட்காருவது அவருக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது.

பூசை நெருங்கியதும், "கரண்டிய ஒங்க அண்ணன் புடிக்கட்டும். நான் வரலை" என்றார்.

"சாமி கும்பிடக்கூட வரமாட்டீங்களா?"

"கும்புட்டுட்டு? பந்தியில ஒக்காந்து எல்லார் வாயையும் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. அந்தப் புண்ணின்மேல். இந்த மனுஷன் அந்தப் பந்தியில் உட்கார்ந்து, கோழிக்கறி போட்டு, வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். சாப்பிட வைக்கிறேனா இல்லையா பார் என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன்.

நான் சுங்கை காடுட்டில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் சமைக்கிறவள். மிளகாய் இல்லாமல் கறிக்கு ருசி வராது என்று சொல்வது சோம்பேறிப் பேச்சு. வாசனையில் ருசி வரும். அதற்குத் தழை வேண்டும். கொத்தமல்லித் தழை, புதினா, கறிவேப்பிலை. பச்சை மிளகாயின் விதையையும் நரம்பையும் சுரண்டி எறிந்துவிட்டால் மிச்சத் தோலில் வாசனை இருக்கும், காரம் இருக்காது. கெட்டியாக வர முந்திரிக்குப் பதில் நம் ஊர் புவா கெராஸ் கொட்டை. கடைசியில் தேங்காய்ப் பால். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

முதல் தடவை வைத்தபோது கறி குளத்துப் பாசி நிறத்தில் வந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கஞ்சியை எடுத்துக்கொண்டார். தழையை முதலிலேயே போட்டு மூடி வைத்ததுதான் தப்பு. பச்சை வெந்து கறுத்துவிட்டது. அடுத்த தடவை கோழியை இஞ்சி பூண்டு வெங்காயத்தோடு தனியாக வேகவிட்டேன். தழையை ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, கோழி வெந்த பிறகு ஊற்றி, மூடாமல் ஒரே கொதி விட்டு இறக்கினேன். ஆகா, நிறம் அப்படியே நின்றது! வீடு முழுக்க மணம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலி ஓரம் வந்து, "மாசாக் அப்பா தூ?" என்றார், என்ன சமைக்கிறாய் என்று.

என் வீட்டுக்காரர் முதலில் விரல் நுனியால் தொட்டு நக்கினார். "இது கறியா?" என்றார். அப்புறம் தட்டில் எலும்பு மட்டும் மிஞ்சியது. ராத்திரி வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிச்சா சொல்லமாட்டேனா? தூங்கு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சரி, இதை ஒரு டப்பாவில் எடுத்துப் போய்ப் பந்தியில் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. எங்கள் பூசையில் வெளியில் ஆக்கியது பந்திக்கு வராது. சாமி முன்னால் அறுத்த கோழி, அந்த மண்ணில் மூட்டிய அடுப்பு, படையலுக்குப் போன கறி. அதுதான் இலையில் விழலாம். அதனால்தான் அண்ணனுக்குப் போன் போட்டேன். எனக்கு அங்கே தனி அடுப்பு வேண்டும்.

"பொம்பளைங்க அங்க அடுப்பு மூட்டுனதில்லையே" என்றார்.

"ஆம்பளைங்க வயித்துல புண்ணு வெடிச்சதும் இதுக்கு முன்னால இல்லைண்ணே."

அண்ணனுக்கும் மாப்பிள்ளைமேல் உயிர். கரண்டி இந்த வருடம் தன் கைக்கு வந்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம், அது வேறு விஷயம். கடைசியில், "ஓரமா வெச்சுக்க. என் அடுப்புப் பக்கம் வராதே" என்றார். அது போதும் எனக்கு.

என் வீட்டுக்காரரைக் கிளப்புவதுதான் பெரிய பாடு. "அங்க வெச்ச கோழிக்கறிய நீங்க சாப்புடுவீங்க. நான் பொறுப்பு" என்று சொல்லிச் சொல்லிக் காரில் ஏற்றினேன். தழை விழுதை வீட்டிலேயே அரைத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் எல்லாம் நன்றாகவே போனது. மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். போகிற வருகிறவர்களெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். "என்னாக்கா, கீரை மசியலா?" என்றான் ஒருத்தன். "ஒன் வாய மசிக்கிறேன், கிட்ட வா" என்றேன். கோழி வெந்தது. விழுதை ஊற்றினேன். பளிச்சென்று பச்சை. இறக்கி வைத்துவிட்டு, ஆலமரத்துக்கு அப்பால் காரிலேயே உட்கார்ந்திருந்த அவரை அழைத்துவர ஓடினேன்.

இருவரும் திரும்பி வரும்போது என் அண்ணி, அண்ணனின் மனைவி, கையில் கரண்டியோடு என் சட்டிப் பக்கத்தில் நின்றார். பச்சைக்கு நடுவில் சிவப்பாக எண்ணெய் படர்ந்துகொண்டிருந்தது.

"நீ மறந்துட்டியேம்மா, நான் ஊத்திட்டேன்" என்றார் சந்தோஷமாக.

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பூசையில் எத்தனை சட்டி ஏறினாலும், படையலுக்கு முன் பெரிய சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மற்றச் சட்டியில் ஊற்றுவார்கள். 'சட்டி சேர்க்கிறது' என்பார்கள். எல்லாம் ஒரே விருந்து என்பதற்காக. நான் அதை மறந்தே போயிருந்தேன். அண்ணி மறக்கவில்லை. அவர் ஊற்றியது சின்னக் கரண்டியும் இல்லை. பெரிய கரண்டி நிறைய, அண்ணன் வைத்த நெருப்புக் குழம்பு என் சட்டிக்குள்.

"ஐயோ அண்ணி! இது யாருக்கு வெச்சதுன்னு தெரியாதா? வெஷத்த ஊத்திட்டீங்களே!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆலமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நம்ம வழக்கம்தானேம்மா... நல்லதுதான் செய்யறேன்னு..." என்று கண்ணைத் துடைத்தார். அவரை எப்படித் திட்டுவது? திட்டியும் விட்டேன்.

என் வீட்டுக்காரர் சட்டியைப் பார்த்தார். "விடு. பரவால்ல. நான் கார்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பேச்சை நம்பி வந்த மனுஷன்.

அழலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அழுதால் கறி வெந்துவிடுமா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பூசாரியிடம் போனேன். அறுத்த கோழி எல்லாம் சட்டிக்குள் போயாகிவிட்டது. பூசாரியின் பங்கு மட்டும் வாளியில் மூடி இருந்தது. வழக்கமாக அவர் வீட்டுக்கு எடுத்துப் போவார். பழைய லாரிக்காரர், யாரிடமும் எதையும் விட்டுக்கொடுக்காத ஆள். விஷயத்தைச் சொன்னேன்.

"சட்டிக்காரனுக்கா?" என்று கேட்டார். "எடுத்துக்க. அவன் வெச்ச கறிய எத்தன வருஷம் தின்னுருக்கேன். ஆனா கம்போங் நாட்டுக்கோழி லா, வேக நேரமாகும்."

"படையலக் கொஞ்சம் தள்ளுவீங்களா?"

"சாமி வர்றப்பதான் வரும்" என்றார் முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

கோழி வந்தது. வேறொரு சட்டியில் இஞ்சி பூண்டு வெங்காயத்தோடு அடுப்பேற்றினேன். தழைக்கு எங்கே போவது? அண்ணன் தன் சட்டிமேல் தூவுவதற்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி வைத்திருந்தார். கேட்காமல் எடுத்தேன். "ஏய், ஏய்!" என்றார். "ஒன் பொஞ்சாதியக் கேளு" என்றேன். பச்சடிக்கு வைத்திருந்த புதினாவைப் பெண்களே ஆய்ந்து கொண்டுவந்து தந்தார்கள். இன்னும் போதவில்லை. அப்போது அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா வீட்டுப் பின்னால கறிவேப்பிலை மரம் இருக்கும்" என்று கத்தியை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடினார். இத்தனை வேகமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது மடி நிறையக் கறிவேப்பிலை. கூடவே, சாக்கடை ஓரம் காடாய் மண்டிக் கிடந்ததென்று, லக்சா நூடுல்ஸுக்குப் போடுகிற கெசோம் இலை. பாவாடையெல்லாம் நாயுருவி முள்.

கெசோம் இலையை நான் இந்தக் கறியில் போட்டதே இல்லை. கசக்கி முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை மாதிரி மணந்தது, ஆனால் புளிப்பு இல்லை. போடு என்று மனசு சொன்னது, போட்டேன். மிக்சி ஏது அங்கே? சாமிக்கு மஞ்சள் அரைக்கிற அம்மியைக் கழுவி, அண்ணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் மாற்றி மாற்றி அரைத்தோம். பச்சை மிளகாயை அண்ணியே கீறி, ஒரு விதை விடாமல் சுரண்டினார். கை எரிந்திருக்கும். அடுத்த மிளகாயை எடுத்தார்.

மரத்தடியில் பூசாரி ஆரம்பித்திருந்தார். மற்ற வருடங்களில் மளமளவென்று முடித்துவிடுகிற மனுஷன், அன்றைக்கு எல்லைச் சாமி, காவல் சாமி என்று ஒரு தெய்வத்தையும் விடாமல் கூப்பிட்டார். உடுக்கை அடிக்கிறவருக்குக் கை வலித்து மாற்று ஆள் பிடித்தார்கள். பசியில் பிள்ளைகள் சிணுங்கின. பூசாரி ஓரக்கண்ணால் என் அடுப்பைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், இன்னும் வேகவில்லை என்று. அவர் இன்னொரு சாமியைக் கூப்பிடுவார்.

கோழி வெந்தது. விழுதை ஊற்றினேன். மிச்சமிருந்த தேங்காய்ப் பாலை விட்டேன். மூடவில்லை. வந்த பச்சை, வீட்டில் வந்ததைவிட நல்ல பச்சை. புகையும் கெசோம் மணமும் சேர்ந்து எனக்கே வாய் ஊறியது.

திரும்பிப் பார்த்தால் அண்ணன் நிற்கிறார். கையில் பெரிய கரண்டி, நிறையச் சிவப்புக் குழம்பு.

நான் சட்டிக்கு முன்னால் போய் நின்றேன். "கிட்ட வந்தீங்கன்னா பாருங்க" என்றேன். கோபம் வந்தால்தான் அண்ணனுக்கு நான் மரியாதை கொடுப்பேன்.

"சட்டி சேராம படைக்க முடியாது தங்கச்சி. நாளைக்குச் சனம் என்னத்தான் பேசும்." அவர் முகத்தில் பிடிவாதம் இல்லை. நிஜமாகவே தவித்தார்.

அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றியது. எப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியாது. "சேரணும், அவ்வளவுதானே? சேத்துடுவோம்" என்றேன். என் சட்டியிலிருந்து ஒரு கரண்டி பச்சைக் கறியை அள்ளிக்கொண்டு, அண்ணன் வரக்கூடாது என்று சொன்ன அந்த அடுப்பைப் பார்த்து நடந்தேன். ஆண்கள் சுற்றி நின்றார்கள். "அலமாக்!" என்றான் கீரை மசியல்காரன். யாரோ, "பூசாரி, இது செல்லுமா?" என்று கத்தினார்கள்.

பூசாரி உடுக்கையை நிறுத்தச் சொல்லி, "சட்டி சேருதா இல்லையா? எந்தப் பக்கத்துலேருந்துன்னு சாமி கேட்டுச்சா?" என்றார்.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு தன் கரண்டியிலிருந்த குழம்பைப் பெரிய சட்டியிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு, ஒதுங்கி வழி விட்டார். "ஊத்து" என்றார்.

ஊற்றினேன். சிவப்புக்கு நடுவில் பச்சை ஒரு நொடி மிதந்து கலந்தது. அண்ணி கை தட்டினார். அப்புறம் பெண்கள் எல்லாரும் தட்டினார்கள். அதைவிடச் சத்தமாக நான் வாழ்க்கையில் எந்தக் கைதட்டலும் கேட்டதில்லை, எனக்காக.

படையல் முடிந்ததும் காருக்குப் போய் அவரைக் கூட்டி வந்தது நான் இல்லை, அண்ணன். "வாங்க மாப்ள, ஒங்க எல காலியா கெடக்கு" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து பந்தியின் நடுவில் உட்கார வைத்தார். நான் பரிமாறினேன். சோற்றில் பச்சை பரவியது. அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். பந்தியே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மென்றார், முழுங்கினார், "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர், "எனக்கும் கொஞ்சம் விடுக்கா, கேஸ்ட்ரிக்" என்றார். எதிர் வரிசையில் ஒரு பெரியம்மா, பல் கட்டியவர், இலையை என் பக்கம் தள்ளினார். காரத்துக்கு அழுகிற பிள்ளைகளை அம்மாக்கள் என் பக்கம் அனுப்பினார்கள். இத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் அந்த நெருப்பைத் தின்றிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. பெரிய சட்டியில் பாதி கிடக்க, என் சட்டி காலி. அண்ணி கலந்துவிட்ட முதல் சட்டியைக்கூட இளவட்டங்கள் அள்ளித் தின்றுவிட்டு, "இதான் அக்கா சூப்பர்" என்றார்கள். அண்ணிக்கு அதில் பெருமை வேறு.

பந்தி கலைந்தது. பெரிய சட்டியில் சட்டிச்சோறு புரட்டுவதற்காக ஆண்கள் அவரைக் கூப்பிட்டார்கள். கரண்டி பிடிக்கவில்லையானாலும் அவர்தானே சட்டிக்காரர். அவர் எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுடுசோற்றுத் தட்டைக் கையில் வாங்கினார். பெரிய சட்டியைத் தாண்டி நடந்தார். ஓரத்தில் இருந்த என் அடுப்புக்கு வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் சட்டிக்குள் சோற்றைக் கொட்டினார்.

சட்டியின் ஓரம், அடி, எல்லாவற்றையும் துடைத்துப் பச்சையாகப் புரட்டினார். ஒரு பெரிய உருண்டை பிடித்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க மொதல்ல சாப்புடுங்க" என்றேன்.

"சட்டி புடிச்ச ஆளுக்குத்தான் மொத உருண்டை. வாங்கிக்க" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் அந்தப் பூசைக்கு வருகிறேன், சட்டிச்சோறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். அடுத்த உருண்டையை அண்ணிக்குக் கொடுத்தார். அதற்கடுத்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி மென்றார். அண்ணன் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினார். அவருக்கும் ஒன்று விழுந்தது.

அன்றைக்கு என் சட்டியைக் கழுவியது அண்ணன்தான். நான் கேட்கவே இல்லை.